மோனோட்ரோப்பா ஹைப்போபிட்டிஸ் – பைனடிப் பூ

ஒரு காட்டுச் செடியின் பெயர் இது. வாயில் நுழையாத பெயர்தான், பிரித்துப் பார்த்தால் எளிது. எல்லாமே கிரேக்கச் சொற்கள். 'மோனோஸ்' ஒன்று, 'ட்ரோப்போஸ்' திருப்பம். பூக்கள் தண்டின் ஒரே பக்கமாகத் திரும்பித் தொங்குவதைச் சொல்கிறது. 'ஹைப்போ' என்றால் கீழே, 'பிட்டிஸ்' என்றால் பைன் மரம். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இட்ட பெயர் இது.

ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்காவின் ஈரமான பைன் காடுகளில், வெயில் அதிகம் எட்டாத சருகுக்குள்ளிருந்து கோடையில் முளைத்து வரும். ஒரு சாண் உயரம் இருக்கும். தண்டு, பூ எல்லாம் மெழுகு போன்ற வெளிர்மஞ்சள். பச்சை மருந்துக்குக்கூடக் கிடையாது. இலை என்று இருப்பவை வெறும் செதில்கள். உச்சிப் பூவுக்குப் பெரும்பாலும் ஐந்து இதழ், பக்கப் பூக்களுக்கு நான்கு. காய் பிடித்ததும் தொங்கிய தலை நிமிர்ந்துவிடும்.

பிரிட்டனில் இதற்கு 'மஞ்சள் பறவைக்கூடு' என்று பெயர். பின்னிக் கிடக்கும் வேர்த்திரளைப் பார்த்து வைத்தது. பிரெஞ்சில் 'சூஸ்பேன்', அதாவது பைனை உறிஞ்சுவது. உண்மைக்கு மிக அருகில் போனவர்கள் அவர்கள்தாம்.

நாம் பள்ளியில் மோனோட்ரோப்பாவைச் 'சாறுண்ணி' என்று படித்திருப்போம். அழுகிய சருகைத் தின்று வாழ்வது என்று பொருள். அது சரியில்லை. 1960இல் ஸ்வீடன் ஆய்வாளர் எரிக் பியோர்க்மன் கதிரியக்கக் கார்பன் ஏற்றிய குளுக்கோஸை மரங்களுக்குள் செலுத்தினார். அந்தக் கார்பன் பக்கத்திலிருந்த மோனோட்ரோப்பாவுக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. இடையில் தரகு வேலை பார்ப்பது ட்ரைக்கோலோமா என்ற காளான். மரத்தின் வேரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் அந்தக் காளானிடமிருந்து இச்செடி சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது, பதிலுக்கு எதுவும் தருவதாகத் தெரியவில்லை. ஆகவே 'பூஞ்சையுண்ணி' என்பதே பொருந்தும்.

சரி, தமிழில் பெயர்? பைனைத் 'தேவதாரு' என்று எழுதுகிற வழக்கம் உண்டு. தேவதாரு சீடர் வகை, வேறு மரம். 'ஊசியிலை' என்றால் ஸ்ப்ரூஸ், ஃபிர் போன்ற மற்ற மரங்களும் அதில் அடங்கிவிடும். கொடைக்கானலில் 'பைன் காடு' என்றுதானே எல்லோரும் சொல்கிறோம், அதையே வைத்துக்கொள்ளலாம். 'பைனடிப் பூ' என்றால் ஹைப்போபிட்டிஸின் பொருள் அப்படியே வந்துவிடுகிறது. அறிவியல் கட்டுரையானால் முதல் இடத்தில் மட்டும் மோனோட்ரோப்பா என்று குறித்துவிட்டு, அப்புறம் பைனடிப் பூ என்றே எழுதிப்போகலாம்.