எத்தனை பேர் என்று கேட்பதற்கு முன்

"மேடம், 384 முடிச்சுட்டேன்."

பென்டிரைவை மேசையில் வைத்தபடி அந்த மாணவி சொன்ன முதல் வார்த்தை இதுதான். சமூக மருத்துவத்தில் எம்.டி. படிப்பவர். தர்மபுரி மாவட்டத்தில் 16 ஊர்கள், ஊருக்கு 24 பிள்ளைகள். பன்னிரண்டு வயதுப் பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்த்து ஃபுளோரைடு கறை இருக்கிறதா, எந்த அளவில் இருக்கிறது என்று பதிவு செய்திருந்தார். நான்கு மாதம் வெயிலில் அலைந்த உழைப்பு. எக்செல் ஷீட்டைத் திறந்தால் ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. குடிநீரில் ஃபுளோரைடு கூடக் கூடக் கறையும் கூடுகிறதா என்பதுதான் அவருடைய கேள்வி. நான் கேட்டது ஒன்றே ஒன்று: "தண்ணி சாம்பிள் எத்தனை எடுத்தீங்க?"

"ஊருக்கு ஒண்ணு மேடம். ஒரே டேங்க்தானே."

அந்தப் பதிலிலேயே சிக்கல் இருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

நான் ஒரு மருத்துவக் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். மதியத்துக்கு மேல் என் அறைக் கதவு திறந்திருக்கும். எங்கள் பி.ஜி. மாணவர்கள் மட்டுமல்ல, பக்கத்துக் கலைக் கல்லூரியிலிருந்து சமூகவியல் ஆய்வாளர்கள், பொறியியல் கல்லூரியிலிருந்து பி.எச்டி. செய்பவர்கள் என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். பத்தொன்பது வருடமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் அதிகம் கேட்ட கேள்வி, "சாம்பிள் சைஸ் எவ்வளவு போடட்டும்?" அதிகம் பார்த்த பதில், 384.

இந்த 384 எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஒரு பெரிய மக்கள்தொகையில் ஒரு விஷயம் எத்தனை சதவீதம் பேரிடம் இருக்கிறது என்று அறிய வேண்டும். எவ்வளவு இருக்கும் என்று முன்கூட்டித் தெரியாததால் பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்கிறோம். விடை ஐந்து சதவீதம் முன்பின் இருக்கலாம், 95 சதவீத நம்பகம் போதும் என்கிறோம். 95 சதவீத நம்பகத்துக்கான எண் 1.96. அதை 1.96ஆல் பெருக்கி, பிறகு 0.25ஆல் (பாதியில் பாதி) பெருக்கி, 0.0025ஆல் (0.05ஐ 0.05ஆல் பெருக்கியது) வகுத்தால் 384 வரும். 1970இல் கிரெஜ்சி, மார்கன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை ஓர் அட்டவணையாகப் போட்டுக் கொடுத்தார்கள். கணக்குப் போடத் தேவையில்லாமல் பார்த்து எழுதிக்கொள்ள வசதியாக இருந்ததால் அது உலகமெல்லாம் பரவிவிட்டது. தப்பான எண் இல்லை. ஆனால் அது ஒரே ஒரு வகைக் கேள்விக்கான விடை. அதுவும், ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்திருந்தால் மட்டும்.

தர்மபுரிக்கு வருவோம். ஓர் ஊரில் 24 பிள்ளைகளும் பெரும்பாலும் ஒரே போர்வெல் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள். ஒரு பிள்ளைக்குக் கறை இருந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியென்றால் இரண்டாவது பிள்ளையைப் பார்ப்பதால் கிடைக்கும் புதுச் செய்தி குறைவு. இந்த ஒட்டுறவை அளக்க ஒரு எண் உண்டு: ஒட்டுறவே இல்லை என்றால் 0, ஒரே ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே மாதிரி என்றால் 1. அதை 0.2 என்று வைத்துக்கொண்டால்கூட, ஊருக்கு 24 பேர் என்னும்போது 384 பிள்ளைகள் 69 பிள்ளைகளுக்குத்தான் சமம். காகிதத்தில் அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியபோது அவர் முகம் வாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதே 384 பிள்ளைகளை 48 ஊர்களில், ஊருக்கு எட்டுப் பேராகப் பார்த்திருந்தால் அது 160 பிள்ளைகளுக்குச் சமமாகியிருக்கும். அலைச்சல் கூடியிருக்கும், உண்மைதான். ஆனால் அவர் கேட்ட கேள்வி தண்ணீரைப் பற்றியது. தண்ணீரைப் பொறுத்தவரை அவரிடம் இருந்தது 384 அல்ல, 16.

இன்னொன்றும் இருந்தது. நிலைத்த பல்லின் எனாமல் ஏறக்குறைய எட்டு வயதுக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் பல்லில் நாம் பார்க்கும் கறை இன்றைய தண்ணீர் போட்டதல்ல, சில வருடங்களுக்கு முந்தைய தண்ணீர் போட்டது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிய பிறகு அந்த மாவட்டத்தில் பல வீடுகளில் ஆற்றுத் தண்ணீர் வருகிறது. வீட்டில் அது, காட்டு வேலைக்குப் போனால் கிணற்றுத் தண்ணீர், பள்ளியில் போர்வெல். குழாய் வராத நாளில் எந்தத் தண்ணீர்? சோறு ஆக்க எந்தத் தண்ணீர்? இதையெல்லாம் பல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது, ஆய்வகத்தில் அளந்தும் சொல்ல முடியாது. ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்த அம்மாவிடம் பொறுமையாகப் பேசினால்தான் தெரியும். அந்தப் பேச்சு சமூகவியல். தண்ணீரிலிருந்து ஃபுளோரைடை எடுப்பது பொறியியல். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்ற இந்தியத் தர எல்லைக்குக் காரணம் சொல்வது மருத்துவம். ஒரு குடம் தண்ணீரை மூன்று துறைகள் மூன்று விதமாகப் பார்க்கின்றன. ஒவ்வொன்றும் எண்ணுகிற பொருள் வேறு: ஒன்று பிள்ளையை எண்ணுகிறது, ஒன்று குடும்பத்தின் பழக்கத்தை, ஒன்று போர்வெல்லை.

இந்த வேறுபாட்டை மதிக்காமல் ஒரு துறையின் அளவுகோலை இன்னொரு துறையின் மேல் தூக்கி வைப்பதால் வருகிற இழப்பு பெரிது. என்னை அதிகம் வருத்தியது ஒரு சமூகவியல் ஆய்வாளருடைய அனுபவம். நூற்பாலை விடுதிகளில் தங்கி வேலை பார்க்கும் இளம்பெண்களைப் பற்றிய ஆய்வு. முதலில் பதினான்கு பெண்களிடம், ஒவ்வொருவரிடமும் இரண்டு மூன்று முறை, நீண்ட நேரம் பேசியிருந்தார். அவருடைய ஆய்வுக் குழுவில் ஒருவர், "பதினாலு பேரை வச்சு என்னம்மா முடிவுக்கு வருவே? அறிவியல்னா நம்பர் வேணும்" என்றிருக்கிறார். உடனே ஐந்து புள்ளி அளவுகோலில் (1 என்றால் திருப்தியே இல்லை, 5 என்றால் முழுத் திருப்தி) நாற்பது கேள்வி அடித்து, 384 பேரிடம் நிரப்பி வாங்கி வந்துவிட்டார். ஆலைக்குள்ளேயே, சாப்பாட்டு நேரத்தில், மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்க.

அந்தப் படிவங்களை நான் புரட்டிப் பார்த்தேன். சம்பளம் 4. சாப்பாடு 4. ஓய்வு 4. மேலதிகாரி நடத்தும் விதம் 4. பக்கம் பக்கமாக 4. சிலருடையதில் மேலிருந்து கீழ்வரை 5. கேள்விகளுக்கிடையே உள்ள இசைவை அளக்கும் கிரான்பாக் ஆல்ஃபா பிரமாதமாக வந்தது. ஒவ்வொருவரும் தன் படிவத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைப் போட்டு, அந்த எண் மட்டும் ஆளுக்கு ஆள் மாறினால் அது பிரமாதமாகத்தான் வரும். அதே பையில் பழைய உரையாடல் தாள்களும் இருந்தன. ஒரு பெண் சொன்னதை ஆய்வாளர் அப்படியே எழுதி வைத்திருந்தார்: "பொங்கலுக்கு ஊருக்குப் போவேன்ல, அப்ப வந்து கேளுங்கக்கா. இங்க வச்சுக் கேட்டா நல்லாருக்குன்னுதான் சொல்லுவேன்."

384 படிவங்கள் ஏன் செல்லாது என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிட்டது. அதை நான் எந்தச் சூத்திரத்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. படிவங்களை வைத்து நாலு அட்டவணை போட்டுத் தந்திருக்கலாம், ஆய்வேடும் பாஸ் ஆகியிருக்கும். அந்தப் பெண்கள் எல்லாரும் திருப்தியாக இருக்கிறார்கள் என்று ஒரு பொய் ஆவணமாகியிருக்கும். பதினான்கு உரையாடல்களுக்கே திரும்பிப் போகும்படி சொன்னேன். ஆழ்ந்த பேட்டி ஆய்வில் "எத்தனை பேர்" என்பதற்கு முன்கூட்டியே எண் கிடையாது. புதிதாக எதுவும் வராமல், கேட்டதே திரும்பத் திரும்ப வரும் இடத்தில் நிறுத்துகிறோம். மேற்கு ஆப்பிரிக்காவின் இரண்டு நாடுகளில் பெண்களிடம் எடுத்த அறுபது பேட்டிகளை அலசி 2006இல் வெளிவந்த ஒரு கட்டுரை, முதல் பன்னிரண்டு பேட்டிகளுக்குள் பெரும்பாலான கருத்துகள் வந்துவிட்டன என்று காட்டியது. நான் இதைச் சொல்லவே இப்போதெல்லாம் பயப்படுகிறேன். சொன்னால் அடுத்த வாரம் ஐந்து பேர் "மேடம், 12 முடிச்சுட்டோம்" என்று வருகிறார்கள். 384க்குப் பதில் 12 என்ற புதுச் சடங்கு நமக்கு வேண்டாம்.

பொறியியல் பிள்ளைகள் பக்கம் வேறு விதமான மயக்கம். ஒருவர் விழித்திரைப் படங்களைப் பார்த்து நீரிழிவுப் பாதிப்பைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் செய்திருந்தார். துல்லியம் 99 சதவீதம். ஆயிரக்கணக்கான படங்கள். "எத்தனை நோயாளிகள்?" என்று கேட்டதும் யோசித்தார், ஏனென்றால் அவர் படங்களைத்தான் எண்ணியிருந்தார், ஆட்களை அல்ல. ஒரே ஆளின் வலக்கண், இடக்கண், ஒவ்வொன்றிலும் நாலைந்து படங்கள். படங்களைக் கலைத்துப் போட்டு, பாதியை வைத்துப் பழக்கி, மீதியில் சோதித்திருக்கிறார். ஒரே ஆளின் படங்கள் இரண்டு பக்கமும் போய்விட்டன. மென்பொருள் நோயை அடையாளம் கண்டதா, ஆளை அடையாளம் கண்டதா? நோயாளி வாரியாகப் பிரித்து மறுபடி ஓட்டியதும் துல்லியம் கண்ணெதிரே சரிந்தது. அவர் கெட்டிக்காரர், உடனே புரிந்துகொண்டார். ஆனால் அந்த 99 ஏற்கெனவே ஒரு மாநாட்டில் வாசிக்கப்பட்டுவிட்டது.

ஒரு ஊரின் 24 பிள்ளைகள், ஒரு ஆளின் இரண்டு கண்கள். கட்டுமானத் துறையில் இதே விஷயம் இன்னும் வெளிப்படையாக இருக்கிறது. கான்கிரீட் வலிமையைச் சோதிக்க 150 மில்லிமீட்டர் கியூப் மூன்று வார்த்து, 28 நாள் ஊறவைத்து உடைப்பார்கள். மூன்று கியூபும் சேர்ந்துதான் ஒரு சாம்பிள் என்று இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 தெளிவாகச் சொல்கிறது. எந்த ஒன்றும் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. வேறு கலவை போட்டால்தான் அடுத்த சாம்பிள். சைட்டில் வேலை செய்யும் மேஸ்திரிக்குக்கூட இது தெரியும். ஒரே கலவையில் ஒன்பது கியூப் வார்த்துவிட்டு "ஒன்பது சாம்பிள்" என்று எழுதுகிற முதுநிலை ஆய்வேடுகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

மருந்துகளை ஒப்பிடும் ஆய்வில் கதையே வேறு. அங்கே எண்ணிக்கையைத் தீர்மானிப்பது மக்கள்தொகை அல்ல, நீங்கள் கண்டுபிடிக்க விரும்பும் வித்தியாசம். பழைய மருந்தில் 60 சதவீதம் பேர் குணமாகிறார்கள், புதியதில் 80 ஆகும் என்று எதிர்பார்த்தால் ஒரு பக்கத்துக்குச் சுமார் 80 பேர் போதும். 70க்கும் 80க்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் சுமார் 290 பேர் வேண்டும். வித்தியாசம் பாதியானால் ஆட்கள் ஏறத்தாழ நாலு மடங்கு. "முப்பது முப்பது போதும்னு கைடு சொன்னாரு" என்று வருபவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் முதலில் போட்டுக் காட்டுகிறேன்.

துறைகள் தங்கள் அளவுகோலைக் காப்பாற்றிக்கொண்டே கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் சென்னையே சாட்சி. 1956இல் இங்கே காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. சேத்துப்பட்டில் இருக்கும் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வழிவந்ததுதான். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம் (காசநோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனை), நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் ஓய்வு. இருநூறுக்கும் குறைவான நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு வீட்டிலேயே மாத்திரை, பாதிப் பேருக்கு சானடோரியத்தில் அதே மாத்திரை. முடிவு 1959இல் வெளிவந்தது. நெரிசலான வீட்டில், அரைகுறைச் சாப்பாட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குத் தேறினார்கள். எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் செவிலியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீடு வீடாகப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போனதா என்று பார்த்தார்கள், யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று குறித்தார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கு நோய் தொற்றுகிறதா என்று ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். வீட்டிலேயே சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தில், சானடோரியத்துக்கு அனுப்பியவர்களின் குடும்பத்தைவிடத் தொற்று கூடுதலாக இல்லை. உலகம் முழுக்க சானடோரியப் படுக்கைகள் காலியாகத் தொடங்கியதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. வீட்டுக்குள் போய்ப் பார்த்த அந்தப் பகுதி இல்லாவிட்டால், வெறும் எக்ஸ்ரே முடிவை வைத்து யாரையும் நம்ப வைத்திருக்க முடியாது.

ஆய்வு தொடங்கப் போகிறவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். டேட்டா எடுத்துவிட்டு வராதீர்கள், எடுப்பதற்கு முன் வாருங்கள். என்னிடம்தான் என்றில்லை, உங்கள் ஊரில் யாரிடமாவது. வரும்போது "எத்தனை" என்ற கேள்வியோடு வராமல், "நான் எதை எண்ணப் போகிறேன்" என்ற விடையோடு வாருங்கள். மருந்து ஒப்பீடு என்றால் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே மருத்துவச் சோதனைகளுக்கான இந்தியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவு செய்துவிடுங்கள். சமூகவியல், பொறியியல் நண்பர்கள் எதிக்ஸ் கமிட்டி என்பது டாக்டர்களுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள் உடல்நலம் சார்ந்த சமூக ஆய்வையும் சேர்த்தே பேசுகின்றன. நீங்கள் ஆய்வுக்காகச் செய்த ஒரு பெல்ட்டை ஒரு பெரியவர் இடுப்பில் கட்டிச் சோதித்தாலும் அவருடைய சம்மதமும் கமிட்டியின் ஒப்புதலும் வேண்டும். மதிப்பிடும் இடத்தில் இருக்கும் மூத்தவர்களிடமும் கேட்கிறேன்: உங்கள் துறைக்கு வெளியே உள்ள ஓர் ஆய்வு உங்கள் கைக்கு வந்தால், எண் சின்னதாக இருக்கிறதே என்று பேனாவை எடுப்பதற்கு முன், அந்தத் துறை எதை எண்ணும் என்று அந்தப் பிள்ளையிடமே ஒருமுறை கேளுங்கள்.

தர்மபுரி மாணவி தன் ஆய்வேட்டில் 16 ஊர்கள் என்றே எழுதினார். முடிவின் எல்லைகள், அதாவது உண்மை விடை இருக்கக்கூடிய வரம்பு, அகலமாக வந்தன, அதையும் மறைக்காமல் எழுதினார். போன மாதம் அவருடைய ஜூனியர் ஒருவர் வந்தார். பென்டிரைவ் இல்லை. கையில் ஒரு நீள நோட்டு, அதில் ஒன்றியம் வாரியாக மேல்நிலைத் தொட்டிகள், ஒவ்வொன்றுக்கும் எந்த போர்வெல், எந்த வருடம் போட்டது, ஆற்றுத் தண்ணீர் எப்போது இணைந்தது என்று பேனாவால் எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தில் எங்கெங்கே எந்தத் தண்ணீர் என்று ஒரு பாட்டி சொன்னது. "அக்காதான் முதல்ல இதை எடுத்துட்டுப் போன்னாங்க மேடம்" என்றார். பிள்ளைகளின் எண்ணிக்கையை நாங்கள் இன்னும் பேசவில்லை. தொட்டிகளை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.