பார்ட்டிஷன், ஃபார்மட்: வகிர்தல் வேறு, வடிவூட்டல் வேறு

பென்டிரைவ் மக்கர் செய்தால் 'ஃபார்மட் அடி' என்பதே எல்லாரும் சொல்லும் வைத்தியம். பெரும்பாலும் பலிக்கும். லினக்ஸ் நிறுவுவதற்காக ஐஎஸ்ஓ கோப்பை (ஒரு குறுந்தகட்டின் முழு நகலை) எழுதிய பென்டிரைவில் மட்டும் பலிக்காது. 16 ஜிபி பென்டிரைவ் விண்டோஸில் சில எம்பி மட்டுமே காட்டும். எத்தனை முறை ஃபார்மட் அடித்தாலும் அளவு மாறாது. கெட்டுப்போனதென்று குப்பையில் போட வேண்டாம். அங்கே செய்ய வேண்டியது ஃபார்மட்டுக்கு முந்தைய வேலை: பார்ட்டிஷன். இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிப் பழகியதால் வரும் வினை இது.

பார்ட்டிஷனின் வேர் இலத்தீன். 'பார்ஸ்' என்றால் பங்கு. அதிலிருந்து பங்கிடுதலைக் குறிக்கும் சொல் பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கணினிக்கு முன்பே நமக்குப் பழக்கமான சொல்தான். பத்திரப் பதிவு அலுவலகத்தில் 'பார்ட்டிஷன் டீட்' எனப்படுவது பாகப்பிரிவினைப் பத்திரம். கணினியிலும் பொருள் அதுவே: ஒரே வட்டில் எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை யாருடையது என்று எழுதிவைப்பது. 1983இல் ஐபிஎம் பிசி எக்ஸ்டி 10 எம்பி வன்தட்டுடன் வந்தபோது, அதன் இயங்குதளமான டாஸ் 2.0 இந்தப் பத்திரத்தை வட்டின் முதல் 512 பைட்டுக்குள் வைத்தது. முதல் 446 பைட் தொடக்க நிரலுக்கு. அடுத்து தலா 16 பைட்டில் நான்கு பதிவுகள். கடைசி 2 பைட் முத்திரை. எம்பிஆர் எனப்படும் இந்த முறையில் நான்கு முதன்மைப் பிரிவுகளுக்கு மேல் முடியாது என்பதற்குக் காரணம் அந்த 64 பைட்தான்.

ஃபார்மட் அச்சகத்திலிருந்து வந்தது. 'ஃபோர்மா' என்றால் இலத்தீனில் வடிவம். நூலின் அளவையும் அமைப்பையும் குறித்த சொல்லாக 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் நுழைந்தது. பிளாப்பி காலத்தில் இந்தப் பெயர் மிகப் பொருத்தம்: வெறும் காந்தப் பூச்சின் மேல் தடங்களையும் கூறுகளையும் அந்தக் கட்டளைதான் வரைந்தது. ஒரு பக்கத்துக்கு 80 தடம், இரு பக்கம், தடத்துக்கு 18 கூறு, கூறுக்கு 512 பைட், பெருக்கினால் 14,74,560. '1.44 எம்பி' பிளாப்பி அதுதான். பென்டிரைவில் அப்படி வரைய எதுவும் இல்லை. ஏற்கெனவே உள்ள ஒரு பிரிவுக்குள் கோப்பு முறைமையின் (எந்தக் கோப்பு எங்கே என்று கணக்கு வைக்கும் ஏற்பாட்டின்) அட்டவணைகளை எழுதுவதோடு ஃபார்மட்டின் வேலை முடிகிறது. வேலை சுருங்கியது, பெயர் அப்படியே நின்றுவிட்டது.

வயலோடு ஒப்பிட்டால், பார்ட்டிஷன் வரப்பு போடுவது. ஃபார்மட் வரப்புக்குள் பாத்தி கட்டுவது. பாத்தியை எத்தனை முறை மாற்றிக் கட்டினாலும் வரப்பு நகராது.

தமிழில் என்ன சொல்வது? லினக்ஸ் நிறுவிகளின் தமிழாக்கத்தில் 'பகிர்வு' புழங்கியது. இன்று படத்தையும் செய்தியையும் ஷேர் செய்வதற்கு அந்தச் சொல் போய்விட்டதால் இங்கே குழப்பும். 'பிரிவினை' என்றால் 1947தான் நினைவுக்கு வரும். 'பிரிவு' எளிது, ஆனால் அலுவலகப் பிரிவு, சட்டப் பிரிவு என்று ஏற்கெனவே நிறைய சுமக்கிறது. 'வட்டுப் பிரிவு' என்றால் தப்பில்லை. செயலைச் சொல்ல 'வகிர்தல்' நல்ல சொல். கீறிப் பிளத்தல் என்பது அதன் பொருள். தலைமுடியில் எடுக்கும் வகிடும் அதே குடும்பம். ஃபார்மட்டுக்கு 'வடிவமைப்பு' வேண்டாம், அது டிசைனுக்கு நிலைத்துவிட்டது. 'வடிவூட்டல்' போதும். பென்டிரைவுக்கு 'விரலி' என்ற அழகான ஆக்கம் உண்டு. மளிகைக் கடையில் மட்டும் கேட்காதீர்கள், மஞ்சள் கொடுப்பார்கள்.

இனி கைவேலை. இங்கே ஒலிப்பில் தந்துள்ள கட்டளைகளை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும். விண்டோஸில் கட்டளைச் சாளரத்தை நிர்வாகியாகத் திறந்து 'டிஸ்க்பார்ட்', பிறகு 'லிஸ்ட் டிஸ்க்'. அளவை வைத்து பென்டிரைவின் எண்ணைக் கண்டுபிடியுங்கள். 16 ஜிபி இங்கே 14 ஜிபி என்றே தெரியும், ஏனென்றால் தயாரிப்பாளர் 1000ஆல் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. எண் 2 என்றால் 'செலக்ட் டிஸ்க் 2'. மறுபடியும் 'லிஸ்ட் டிஸ்க்' கொடுத்து, உடுக்குறி (*) சரியான வரியில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே 'கிளீன்'. இந்தக் கட்டளை 'உறுதியா?' என்று கேட்காது. எண் தவறினால் உங்கள் வன்தட்டின் பிரிவுகள் போய்விடும். அடுத்து 'கிரியேட் பார்ட்டிஷன் பிரைமரி', 'ஃபார்மட் எஃப்எஸ்=எக்ஸ்ஃபேட் குயிக்', 'அசைன்'. அனுமதி மறுக்கப்பட்டதென்று 'கிளீன்' நின்றால், பென்டிரைவைக் காட்டும் சாளரங்களை மூடிவிட்டு மறுபடி கொடுங்கள்.

லினக்ஸில் 'எல்எஸ்பிஎல்கே' வட்டுகளைப் பட்டியலிடும். பென்டிரைவ் எஸ்டிபி என்று கொள்வோம். முதலில் பென்டிரைவைப் பயன்பாட்டிலிருந்து விடுவிக்க 'யூமவுண்ட் /டெவ்/எஸ்டிபி1'. 'யூ'வுக்கும் 'எம்'முக்கும் இடையே 'என்' கிடையாது. பலர் தாண்டிவிடும் படி அடுத்தது: 'சூடோ வைப்எஃப்எஸ் -ஏ /டெவ்/எஸ்டிபி'. ஐஎஸ்ஓ கோப்பு முறைமையின் அடையாளம் வட்டின் தொடக்கத்திலிருந்து 32 கேபி தள்ளி இருக்கிறது. புதிய பிரிவோ 1 எம்பியில்தான் தொடங்கும். ஆக, புதிதாக வகிர்ந்து வடிவூட்டினாலும் அந்த இடத்தை யாரும் தொடுவதில்லை. பழைய முத்திரை அப்படியே கிடந்து, வட்டு முழுவதும் ஒரு குறுந்தகடு என்று கணினியை நம்பவைக்கும். 'வைப்எஃப்எஸ்' அழிப்பது அதைத்தான்.

பிறகு 'சூடோ எஃப்டிஸ்க் /டெவ்/எஸ்டிபி'. உள்ளே 'ஓ' புதிய எம்பிஆர் அட்டவணை. 'என்' புதிய பிரிவு, கேள்விகளுக்கு என்டர் மட்டும். 'டி' (t, d அல்ல) கொடுத்து, எக்ஸ்ஃபேட்டுக்கான வகை 7. 'டபிள்யூ' எழுதி வெளியேறும். அதுவரை வட்டில் எதுவும் மாறாது. சந்தேகம் வந்தால் 'க்யூ' கொடுத்து ஓடிவிடலாம். பழைய அட்டவணையே இன்னும் பயன்பாட்டில் இருப்பதாகச் செய்தி வந்தால், பிடுங்கிச் செருகுங்கள். கடைசியாக 'சூடோ எம்கேஎஃப்எஸ்.எக்ஸ்ஃபேட் /டெவ்/எஸ்டிபி1'. முடிவில் உள்ள 1 முக்கியம்: அது பிரிவின் எண். அதை விட்டால் கோப்பு முறைமை முழு வட்டின் மேல் எழுதப்பட்டு, இப்போது போட்ட அட்டவணை அழியும்.

கோப்பு முறைமைகளில் எக்ஸ்ஃபேட் ஏன் என்றால், ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்ட முடியாது. ஆனால் பழைய கார் ஸ்டீரியோ, டிவி பலவற்றுக்கு ஃபேட்32 மட்டுமே தெரியும். அவற்றுக்கென்றால் வகை 'சி', கட்டளை 'சூடோ எம்கேஎஃப்எஸ்.விஃபேட் -எஃப் 32 /டெவ்/எஸ்டிபி1'. இதில் 32க்கு முன் உள்ள 'எஃப்' மட்டும் பெரிய எழுத்து (F).

விரைவு வடிவூட்டல் தரவை அழிப்பதில்லை, அட்டவணையை மட்டும் புதிதாக்குகிறது. பென்டிரைவை வேறொருவருக்குக் கொடுப்பதானால் டிஸ்க்பார்ட்டில் 'கிளீன் ஆல்' கொடுங்கள். எல்லாக் கூறுகளிலும் சுழியம் எழுதும், நேரம் பிடிக்கும். எந்தக் கட்டளைக்கும் 'எழுதத் தடை' என்றே பதில் வந்தால், 'ஆட்ரிபியூட்ஸ் டிஸ்க் கிளியர் ரீட்ஒன்லி' ஒருமுறை முயன்று பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், நினைவகம் தேய்ந்து, உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு தானே எழுத்தை நிறுத்தியிருக்கக்கூடும். வாசிக்க முடியும்போதே கோப்புகளை நகலெடுத்துக்கொண்டு புதிய பென்டிரைவ் வாங்குங்கள்.