பெயர் போட்டால் போதுமா?

"அக்கா, ஒவ்வொரு கவிதைக்கும் கீழே அவர் பெயரைப் போட்டிருக்கேன். அது போதும்தானே?"

ஆய்வேட்டைக் கொடுக்க நான்கே நாள் இருக்கும்போது ஒரு முதுகலை மாணவி என் மேசைக்கு வந்து கேட்டார். மறைந்த சிங்கப்பூர்க் கவிஞர் ஒருவரைப் பற்றிய ஆய்வு. பின்னிணைப்பில் அவருடைய பன்னிரண்டு கவிதைகளை முழுசாகத் தட்டச்சு செய்து சேர்த்திருந்தார். முதல் பக்கத்தில் கவிஞரின் படம் ஒன்று, ஃபேஸ்புக்கில் இருந்து எடுத்தது.

பல்கலைக்கழக நூலகத்தில் பதிப்புரிமை, உரிமம் பற்றிய கேள்விகளுக்கு வழிகாட்டுவது என் வேலை. "பெயர் போட்டுவிட்டேனே" என்ற பதில் எல்லாத் துறையிலிருந்தும் வரும். நம் ஆட்களிடம் கூடவே இன்னொன்றும் வரும்: "தமிழ்ப் புத்தகம்தானே, யார் கேட்கப் போறாங்க?" அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கும். சொந்தக் காசைப் போட்டுச் சில நூறு பிரதிகள் அச்சடித்து, வெளியீட்டு விழாவில் கையெழுத்திட்டு விற்றவர்கள் நம் எழுத்தாளர்கள். எழுத்தின் மேல் அவர்களுக்கு இருக்கும் உரிமையையும் நாம் கணக்கில் எடுக்காவிட்டால் வேறு யார் எடுப்பார்கள்?

ஒரு சொல் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். தமிழில் பலரும் 'காப்புரிமை' என்றே எல்லாவற்றையும் சொல்கிறோம். கண்டுபிடிப்புக்கு விண்ணப்பித்து வாங்கும் காப்புரிமை வேறு. எழுத்து, படம், இசை ஆகியவற்றுக்கு உள்ள பதிப்புரிமை வேறு. பதிப்புரிமைக்குச் சிங்கப்பூரில் எங்கேயும் பதிவு செய்ய வேண்டியதில்லை. எழுதி முடித்த அன்றே அது பிறந்துவிடுகிறது. புத்தகத்தில் © என்ற உரிமைக் குறி இல்லை என்பதால் உரிமை இல்லை என்று ஆகிவிடாது.

பெயர் போடுவது அவசியம். 21 நவம்பர் 2021 அன்று நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டம், படைப்பாளிக்குத் தன் பெயர் குறிப்பிடப்படும் உரிமையைத் தந்திருக்கிறது. ஆனால் அது ஒரு கடமை. அனுமதி வாங்குவது இன்னொரு கடமை. ஒன்றைச் செய்ததால் மற்றது தீர்ந்துவிடாது.

அப்படியென்றால் எதற்கெடுத்தாலும் அனுமதி வாங்க வேண்டுமா? இல்லை. நியாயமான பயன்பாட்டுக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. எதற்காகப் பயன்படுத்துகிறோம், அது எத்தகைய படைப்பு, எவ்வளவு எடுக்கிறோம், அதனால் மூலப் படைப்பின் விற்பனை பாதிக்குமா என்று பார்ப்பார்கள். நான்கு வரியை எடுத்துக்காட்டி, அதை அலசி எழுதினால் எனக்கு எந்தக் கவலையும் இல்லை. அந்த மாணவி நடு அத்தியாயங்களில் அதைத்தான் செய்திருந்தார், அழகாகவே செய்திருந்தார். சிக்கல் பின்னிணைப்பில். அங்கே ஆய்வு எதுவும் இல்லை, கவிதைகள் மட்டும். ஆய்வேடு பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்துக்குப் போகும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். புத்தகம் வாங்க நினைத்தவருக்கு அதுவே போதுமே!

"பத்து விழுக்காடு வரைக்கும் எடுக்கலாம்னு சொன்னாங்களே?" என்றார். சொல்வது உண்மைதான். பத்துப் பக்கமோ அதற்கு மேலோ உள்ள நூலில், மொத்தப் பக்கங்களில் 10 விழுக்காடு அல்லது ஓர் அத்தியாயம் என்று ஓர் அளவு இருக்கிறது. அது நாம் படிக்கவும் ஆராயவும் எடுத்துவைக்கும் நகலுக்கு. இணையத்தில் ஏற்றும் ஆய்வேட்டுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. தவிரவும், ஒரு கவிதை தன்னளவில் ஒரு முழுப் படைப்பு.

இன்னொரு நம்பிக்கை நாட்டுடைமை. 1949-ல் பாரதியார் பாடல்களின் உரிமையை அரசு பெற்றதில் தொடங்கி, தமிழ்நாட்டில் பல எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமையாகியிருக்கின்றன. அதைப் பார்த்துப் பழகியதால், எழுத்தாளர் மறைந்துவிட்டால் எழுத்து பொதுச்சொத்து என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். சிங்கப்பூரில் அந்த வழக்கம் இல்லை. எழுத்தாளர் மறைந்த பிறகும் 70 ஆண்டு உரிமை நீடிக்கும். 1960-களில் காலமானவரின் கதைகளுக்குக்கூட இன்று உரிமையாளர் இருக்கிறார்.

படத்தின் கதை தனி. படத்தில் இருப்பவர் கவிஞர், ஆனால் உரிமை பொதுவாகப் படம் எடுத்தவருக்கு. முன்பு காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே உரிமை என்று இருந்தது. 2021 சட்டத்துக்குப் பிறகு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், புகைப்படக்காரருக்குத்தான். உங்கள் வீட்டுக் கல்யாணப் படங்களுக்கும் இது பொருந்தும், கவனியுங்கள்.

சரி, நான்கு நாளில் என்ன செய்வது? ஒன்பது கவிதைகளைப் பின்னிணைப்பிலிருந்து எடுத்துவிட்டு, நூலின் பக்க எண்களை மட்டும் கொடுத்தோம். மூன்று கவிதைகள் முழுசாக இருந்தால்தான் வாதம் நிற்கும் என்றார். அவற்றுக்காகக் கவிஞரின் பிள்ளைகளைத் தேடினோம். ஒருவர் இங்கே ஈசூனில், ஒருவர் பெர்த்தில், ஒருவர் திருச்சியில். ஈசூன்காரர் வாட்ஸ்அப்பில் "தாராளமா போட்டுக்கம்மா" என்று குரல் அனுப்பிவிட்டார். மாணவிக்கு ஒரே சந்தோஷம். உரிமை மூவருக்கும் சேர்ந்தது என்றால் மூவரும் சம்மதிக்க வேண்டும், அதுவும் எழுத்தில் இருந்தால் நல்லது என்று நான்தான் தடுத்தேன். மின்னஞ்சலில் நான்கே வரிதான்: எந்தக் கவிதைகள், எந்த ஆய்வேடு, இணையத்தில் நிரந்தரமாக இருக்கும், பின்னால் புத்தகமாக்கினால் மீண்டும் கேட்போம். கடைசி வரியைச் சேர்க்க மறக்காதீர்கள். திருச்சியிலிருந்து பதில் வரும் வரைக்கும், பொதுப் பார்வைக்கான பிரதியில் அந்தப் பக்கங்களை மறைத்து வைத்தோம்.

அடுத்தவர் உரிமையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். நம் உரிமையை நாமே கைவிடும் கதைதான் இன்னும் அதிகம். விரிவுரையாளர் ஒருவர் வெளிநாட்டுப் பதிப்பகத்துக்கு ஒரு கட்டுரை எழுதினார். வந்த ஒப்பந்தத்தில் அன்றைக்கே கையெழுத்திட்டு அனுப்பிவிட்டார். இரண்டு ஆண்டு கழித்து அதே கட்டுரையைத் தன் தமிழ் நூலில் மொழிபெயர்த்துப் போட நினைத்து என்னிடம் வந்தார். முழு உரிமையையும் எழுதிக் கொடுத்திருந்தார், மொழிபெயர்ப்பு உட்பட. தான் எழுதியதைத் தமிழில் வெளியிட அவரே கட்டணம் கட்ட வேண்டியதாயிற்று. கையெழுத்துக்கு முன் வந்திருந்தால், 'தமிழ் மொழிபெயர்ப்பு உரிமை ஆசிரியருக்கே' என்று ஒரு வரி சேர்த்துக் கேட்டுப் பார்த்திருக்கலாம். கேட்டால் ஒத்துக்கொள்ளும் பதிப்பகங்கள் உண்டு.

நம் படைப்பைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே எல்லாருக்கும் சொல்லிவைக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். 'மாற்றியமைக்கக் கூடாது' என்ற வகையைப் பாதுகாப்பு என்று நினைத்துப் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். மொழிபெயர்ப்பும் மாற்றம்தான். அந்த உரிமத்தில் உள்ள ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கி வெளியிடத் தனியாக அனுமதி வேண்டும். நம் மொழிக்கு அது பெரிய இழப்பு என்பது என் எண்ணம்.

கணினி ஆய்வாளர்களுக்கு ஒரு வார்த்தை: முறைப்படி அணுகக் கிடைக்கும் நூல்களையும் நாளிதழ்களையும் தரவுப் பகுப்பாய்வுக்கு நகலெடுக்க 2021 சட்டம் வழிவிடுகிறது. ஒப்பந்தம்கூட அதைத் தடுக்க முடியாது. ஆனாலும் நூலகத்திடம் சொல்லாமல் ஒரே இரவில் ஆயிரக்கணக்கில் இறக்காதீர்கள். அவற்றை நூலகத்துக்குத் தரும் தரவுத்தள நிறுவனம் வளாகம் முழுவதற்கும் இணைப்பைத் துண்டித்துவிடலாம்.

சென்ற மாதம் ஒரு பெரியவர் பிஸ்கட் டப்பா ஒன்றோடு வந்தார். உள்ளே நீல ஏரோகிராம்கள், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியவை. தன் அப்பாவுக்கு ஊரிலிருந்து அவருடைய எழுத்தாள நண்பர் ஒருவர் 1950-களிலிருந்து எழுதியவை என்றார். இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது அவர் ஆசை. தாள் உங்களுடையது ஐயா, அதில் உள்ள சொற்கள் எழுதியவருடையவை என்றேன். அச்சாகாத எழுத்துக்கு முன்பு காலவரையறையே இல்லை. 2023 தொடங்கியதிலிருந்து அதற்கும் மறைவுக்குப் பின் 70 ஆண்டு என்று வந்திருக்கிறது. எழுதியவர் காலமானது 1988-ல். இன்னும் நெடுங்காலம் இருக்கிறது.

பெரியவர் கொஞ்ச நேரம் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அவர் மகள் பட்டுக்கோட்டையிலதான் இருக்கு. நான் கேட்டா வேணாம்னு சொல்லாது" என்றபடி கைபேசியை எடுத்து எண்ணைத் தேடத் தொடங்கினார். நான் மின்னஞ்சல் படிவத்தைத் திறந்து வைத்தேன்.