டிதரிங்: தமிழில் ‘விரவல்’

நீல வானப் படம் ஒன்றை ஜிஃப் கோப்பாகச் சேமித்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பெரும்பாலும் வானம் முழுக்க மணல் தூவினாற்போல் புள்ளிகள் தெரியும். ஜிஃபில் ஒரு படத்துக்கு 256 நிறங்களுக்குத்தான் இடம். அதில் அடங்காத நிறங்களை, இருக்கிற நிறப் புள்ளிகளைக் கலந்து காட்டிச் சமாளிக்கிறது மென்பொருள். இந்த வேலைக்குப் பெயர் டிதரிங்.

ஆங்கிலத்தில் டிதர் என்றால் முதலில் நடுங்குவது. பிறகு முடிவெடுக்க முடியாமல் தடுமாறுவது. பொறியாளர்கள் கைக்குப் போனதும், சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்க்கும் சிறு இரைச்சலுக்குப் பெயரானது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் லாரன்ஸ் ராபர்ட்ஸ் இதைப் படங்களில் செய்து பார்த்தார். 1976இல் ஃபிளாய்டும் ஸ்டைன்பெர்க்கும் வெளியிட்ட முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

அது இப்படி: கறுப்பு 0, வெள்ளை 255, நடுவில் எதுவும் கிடையாது என்று வைத்துக்கொள்வோம். 100 அளவுள்ள சாம்பல் புள்ளி வருகிறது. 128க்குக் கீழே என்பதால் கறுப்பாகிறது, 100 மிச்சம். அந்த மிச்சத்தில் 16இல் 7 பங்கு வலப்பக்கத்துப் புள்ளிக்கு; கீழ் வரிசையில் இடமிருந்து வலமாக 3, 5, 1 பங்கு. பக்கத்துப் புள்ளியும் 100 என்றால் இப்போது அது 143.75 ஆகி வெள்ளையாகிவிடும். கூடிப்போனதை அடுத்த புள்ளிகளில் கழித்துக்கொள்ளலாம், மளிகைக் கடைப் பாக்கி மாதிரி. தள்ளி நின்று பார்த்தால் அதே சாம்பல். ஆனால் தனித்தனியாக எடுத்தால் ஒரு புள்ளிகூட 100 இல்லை! கண்ணுக்கு இது போதும். வரைபடத்தில் புள்ளியின் நிறத்தை வைத்து வெப்பநிலை கணிக்கிறவருக்குக் கணக்கே தப்பிவிடும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘நடுக்கம்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் யாருக்கும் விளங்காது. என் ஓட்டு ‘விரவல்’. விரவுதல் என்றால் கலத்தல். இரு திணைக்கும் பொதுவான பெயரைத் தொல்காப்பியம் விரவுப்பெயர் என்கிறது. சாத்தன் வந்தான் என்றால் ஆள், வந்தது என்றால் மாடு. ‘புள்ளி விரவல்’ என்றால் செய்கிற வேலை பெயரிலேயே தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். விலை குறைந்த மடிக்கணினித் திரைகள் பலவற்றில் ஒவ்வொரு முதன்மை நிறத்துக்கும் 6 பிட், அதாவது 64 படிகள்தான். இடைப்பட்ட நிறம் வேண்டுமென்றால், ஒரே பிக்சலை இரண்டு படிகளுக்கிடையே வேகமாக மாற்றி மாற்றி எரியவிடுவார்கள். அங்கே புள்ளி உண்மையிலேயே நடுங்குகிறது. அதற்கு மட்டும் ‘நிற நடுக்கம்’ இருந்துவிட்டுப் போகட்டும்.