சத்தம் கேக்குது, பேச்சுத்தான் கேக்கல

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் என் மாமா இருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தைச் சுருட்டும் ரோலர் அறையில் வேலை பார்த்தவர். இப்போது மகள் வாங்கிக் கொடுத்த போனில் வீடியோ பார்ப்பதுதான் அவருக்குப் பொழுது. சத்தத்தை முழுதாகக் கூட்டிவைத்துக்கொண்டு பார்ப்பார். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டிநிற்கும் லயத்தில் நாலு காம்பரா தள்ளி இருப்பவர்களுக்கும் அன்றைய செய்தி இலவசம். அவருக்கு மட்டும் விளங்காது. கேட்டால், "சத்தம் கேக்குதுப்பா, பேச்சுத்தான் கேக்கல" என்பார்.

வீட்டில் எல்லாரும் இதற்குச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது, ஸ்டோர் சத்தத்தில் காது போனவரின் நிலையை இதைவிடச் சரியாகச் சொல்லவே முடியாது.

உள்காதில் நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட குழல் ஒன்று இருக்கிறது. அதற்குள் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள். வாசல் பக்கம் இருப்பவை கீச்சுச் சத்தத்தையும், ஆழத்தில் இருப்பவை தடித்த சத்தத்தையும் பிடிக்கின்றன. பெருஞ்சத்தம் வருடக்கணக்கில் அடித்தால் முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலியைக் கேட்கும் பகுதி. அங்கே கலங்கள் செத்தால் செத்ததுதான். கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடி மாதிரி அவை மறுபடி துளிர்ப்பதில்லை. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த கணக்குப்படி, 85 டெசிபல் சத்தத்தில் ஒருவர் நாளொன்றுக்கு 8 மணிநேரம் இருக்கலாம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும்: 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி. ரோலர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவனிடம் பேச வாயை அவன் காதில் ஒட்ட வேண்டியிருந்ததாம். மாமா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சமாளித்திருக்கிறார்.

பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில், பலமாக வருகின்றன. ச, த போன்ற மெய்கள் உயர்ந்த அதிர்வெண்ணில், மெலிதாக வருகின்றன. மேல் பகுதி போய்விட்ட காதுக்குக் காசு, காது, காத்து மூன்றும் ஒரே "கா...உ" தான். "மாமா, காசு இருக்கா?" என்றால், "காதா? அது எங்கப்பா இருக்கு" என்பார். (சில நேரம் வேண்டுமென்றே சொல்கிறாரோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.) சத்தத்தைக் கூட்டினால் ஏற்கெனவே கேட்கிற உயிரொலிதான் இன்னும் உரக்கக் கேட்கும். போகட்டும், உதட்டைப் பார்த்துப் பிடிக்கலாம் என்றால், பாலையும் மாலையும் உதட்டில் ஒன்றுபோலவே இருக்கின்றன. க உதட்டில் தெரிவதே இல்லை. அதுவும் வீடியோவில் பேசுகிறவர் முகத்தைக் காட்டினால்தானே.

ஆக, எழுத்துதான் வழி. மாமா பத்திரிகையை வரி விடாமல் வாசிக்கிறவர். ஒருநாள் அவர் போனில், பேச்சை எழுத்தாகத் திரையில் காட்டும் "சிசி" என்ற பொத்தானை அழுத்திக் கொடுத்தேன். எழுத்து ஓடத் தொடங்கியது. பத்து நிமிடம் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "இசை, இசைன்னு போடுறானே, என்ன இசைப்பா? கல்யாண மேளமா, செத்த வீட்டு மேளமா?"

விஷயத்தின் கழுத்தையே பிடித்துவிட்டார். வசனத்தை வேற்றுமொழிக்காரருக்காக எழுதுவது ஒன்று. காது கேட்காதவருக்காக எழுதுவது வேறு. முதலாவது, உங்களுக்குக் காது கேட்கும், மொழிதான் தெரியாது என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டாவதில் கதவு தட்டுவதும், திரைக்கு வெளியே நாய் குரைப்பதும், யார் பேசுகிறார் என்பதும் எழுத்தில் வர வேண்டும். பிபிசி வசன எழுத்தில் வெள்ளை, மஞ்சள், இளநீலம், பச்சை என்று ஆளுக்கொரு நிறம் கொடுப்பது இதற்காகத்தான். மேளம் என்றால் என்ன மேளம் என்று எழுதுவதும் இதே வேலையின் பகுதி.

அமெரிக்காவில் 1972இல் போஸ்டன் தொலைக்காட்சி நிலையமொன்று ஒரு சமையல் நிகழ்ச்சியைத்தான் முதலில் இப்படி எழுத்தோடு காட்டியது. அது எல்லார் திரையிலும் தெரிந்தது. வேண்டியவர் மட்டும் திறந்து பார்க்கும் எழுத்து 1980இல் வந்தது. அந்தக் காலத்துத் தொலைக்காட்சிச் சமிக்ஞையில் படத்துக்குப் பயன்படாத கோடுகள் சில மேலே உண்டு. அவற்றில் 21ஆம் கோட்டில், படத்தின் ஒவ்வொரு சட்டத்துக்கும் இரண்டு எழுத்து வீதம் ஒளித்து அனுப்பினார்கள். அதைப் பிரித்தெடுக்கும் பெட்டி பொருத்திய வீட்டில் மட்டும் அது திரையில் தெரியும்.

இணையத்தில் ஒளிக்க வேண்டிய தேவை இல்லை. வீடியோவுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்துக் கோப்பு ஒன்று தனியாக இருக்கும். அதைத் திறந்தால் உள்ளே இருப்பது இவ்வளவுதான்:

00:02:14,300 --> 00:02:17,100
[வெளியே நாய் குரைக்கிறது]
யாரது?

2 நிமிடம் 14.3 விநாடியில் காட்டு, 2 நிமிடம் 17.1 விநாடியில் எடு. வேறு மந்திரம் எதுவும் இல்லை. யார் வேண்டுமானாலும் கையால் எழுதலாம். எழுத்து மட்டும் என்பதால் ஒரு மணிநேர வீடியோவின் கோப்பே சில நூறு கிலோபைட்டைத் தாண்டாது. சிக்னல் ஒரு கோடு, அரைக் கோடு என்று ஆடும் மலையில் இது பெரிய காரியம். படம் சுற்றிக்கொண்டே நிற்கும். எழுத்து எப்போதோ வந்து சேர்ந்திருக்கும்.

எழுத்தை அளப்பதில் நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஆங்கில வசனங்களுக்கு வரிக்கு 42 எழுத்து, ஒரு நேரத்தில் இரண்டு வரி, கூடியது 7 விநாடி என்று நெட்ஃபிளிக்ஸ் விதி வைத்திருக்கிறது. இதை அப்படியே தமிழுக்குத் தூக்கி வைக்க முடியாது. "கொழுந்து" என்ற சொல் நம் கண்ணுக்கு 4 எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் முறைப்படி கணினிக்கு அது 8: மெய், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வீதம் 24 பைட். போதாததற்கு நம் எழுத்துகள் அகலமானவை; சின்னப் போன் திரையில் ஒரு நீளச் சொல்லே பாதி வரியைப் பிடித்துக்கொள்ளும்.

சரி, கையால் எழுத ஆள் இல்லை, இயந்திரமே எழுதுகிறது. 2009 நவம்பரில் யூடியூப் ஆங்கில வீடியோக்களுக்குத் தானாக எழுத்துப் போடத் தொடங்கியது. அதன் பின்னால் நின்றவர்களில் ஒருவர் கென் ஹாரென்ஸ்டீன் என்ற கூகுள் பொறியாளர். அவருக்கே காது கேட்காது. தமிழில் பேசினால் தட்டெழுதும் வசதியை கூகுள் 2017இல் கொண்டுவந்தது.

இயந்திரம் எப்படிக் கேட்கிறது? ஸ்டோரில் காய்ந்த தேயிலையைச் சலிக்கும் அறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றாகக் கொட்டிய தூளைச் சல்லடைகள் பிஓபி, பிஓபிஎஃப், டஸ்ட் என்று தரம் தரமாகப் பிரிக்கின்றன அல்லவா? ஒலியையும் அப்படித்தான் சலிக்கிறார்கள். விநாடிக்கு 16,000 தடவை அளந்த ஒலியை 25 மில்லிவிநாடித் துண்டுகளாக, 10 மில்லிவிநாடிக்கு ஒன்று வீதம் வெட்டுவார்கள். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒவ்வொரு துண்டையும் 80 சல்லடையில் போட்டு, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு பலம் என்று பார்ப்பார்கள். நம் காதைப் போலவே தாழ்ந்த பக்கத்தில் சல்லடை நெருக்கம், உயர்ந்த பக்கத்தில் அகலம். ஆக, ஒரு விநாடிப் பேச்சு 100 துண்டு. ஆனால் ஒரு விநாடியில் நாம் சொல்வது பத்துப் பதினைந்து ஒலிதான். நூறைப் பத்தாக்குவது எப்படி?

அதற்கான ஒரு வழியின் பெயரைக் கேட்டால் தேயிலைக்காரர்களுக்குச் சிரிப்பு வரும்: சிடிசி. 1930களில் அஸ்ஸாமில் வந்த சிடிசி இயந்திரம் கொழுந்தை நசுக்கி, கிழித்து, சுருட்டும். நம் மலையில் பெரும்பாலும் பழைய ரோலர் முறைதான் என்றாலும் பெயர் எல்லாருக்கும் தெரியும். 2006இல் அலெக்ஸ் கிரேவ்ஸும் கூட்டாளிகளும் பேச்சுக்குக் கண்ட சிடிசி வேறு. எழுத்துச் சுருக்கம் ஒன்றாகிப் போனது தற்செயல். ஆனால் அதுவும் நசுக்கத்தான் செய்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் இயந்திரம் ஓர் எழுத்தைச் சொல்லும்; அல்லது "இங்கே ஒன்றும் இல்லை" என்று கோடு போடும். "மாமா" என்று கூப்பிட்டால் இப்படி வரலாம்:

மா மா மா – – மா மா

பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் ஒரே எழுத்துகளை முதலில் ஒன்றாக்கு. பிறகு கோட்டைத் தூக்கிப் போடு. மிஞ்சுவது: மாமா. நடுவில் அந்தக் கோடு விழாமல் போனால் ஐந்தும் சேர்ந்து ஒரே "மா" ஆகிவிடும். சொல்லில் ஒன்றுமே இல்லாத இடம்தான் இரண்டு எழுத்தையும் காப்பாற்றுகிறது. எனக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி.

இன்னொரு வகை இயந்திரம், முன்னால் வந்த சொற்களையும் ஒலியையும் சேர்த்துப் பார்த்து, அடுத்த சொல் என்னவாக இருக்கும் என்று ஊகித்து எழுதிக்கொண்டே போகும். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022இல் வெளியிட்ட விஸ்பர் அப்படிப்பட்டது. இணையத்திலிருந்து எடுத்த 680,000 மணிநேர ஒலியும் அதற்கான எழுத்தும் அதற்குத் தீனி. அதில் ஆங்கிலம் தவிர்ந்த 96 மொழிகளுக்கும் சேர்த்து 117,000 மணிநேரம்தான். தமிழுக்கு அதில் ஒரு பங்கு. அந்தப் பங்கில் தோட்டத்துப் பேச்சு எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஊகிக்கிற இயந்திரத்துக்கு இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு. யாரும் பேசாத இடத்தில் சும்மா இருக்கத் தெரியாது. "பார்த்ததற்கு நன்றி" என்று தானாக எழுதிவிடும். வீடியோக்களின் கடைசியில் அப்படித்தான் எழுதியிருக்கும் என்று கற்றுக்கொண்ட பிள்ளை அது.

தோட்டத்து வாழ்க்கை பற்றிய ஒரு வீடியோவை மாமாவும் நானும் தானியங்கி எழுத்தோடு பார்த்தோம். ஒரு பாட்டி, "விடியக்காலம் பெரட்டுக்குப் போயிருவோம்" என்றார். கீழே ஓடியது: "விடியற்காலம் பரோட்டாவுக்கு போய் விடுவோம்." மாமா விழுந்து விழுந்து சிரித்தார். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்றவர் அவர்; தவறு அவருக்குத் தெரியும். பிறவியிலேயே காது கேட்காத, பெரட்டு என்றால் என்னவென்று அறியாத பிள்ளை ஒன்று அதை வாசித்தால், அந்தக் காலத்தில் எல்லாரும் விடியவே பரோட்டா சாப்பிட்டார்கள் என்றுதான் நினைக்கும். எழுத்தில் ஓடும் பிழை பிழை மாதிரித் தெரியாது. அதுதான் அதன் ஆபத்து.

சொல்லெல்லாம் சரியாக விழுந்தாலும், எங்கே வரியை வெட்டுவது என்பது தமிழில் தனிக்கலை. நம் வாக்கியத்தில் ஆம், இல்லை எல்லாம் கடைசியில்தான் வரும். மண்சரிவு எச்சரிக்கை சொல்லும் வீடியோ ஒன்றில், "இன்றிரவு லயத்துக்குத் திரும்பிப் போக" என்று ஒரு திரையும், அதன் பிறகு "வேண்டாம்" என்று அடுத்த திரையும் வந்தால்? முதல் திரையை மட்டும் பார்த்துவிட்டுப் போனைக் கீழே வைத்தவர் என்ன செய்வார்? கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி லயங்களை மண் மூடியதை அறிந்த எவருக்கும் இது வெறும் இலக்கண விவகாரமாகத் தெரியாது. தானியங்கி எழுத்துக்கு மூச்சு விடும் இடம்தான் வரியை வெட்டும் இடம். மனிதர் எழுதினால் வினைச்சொல்லை விட்டுவிடாமல் கூடவே வைத்துக்கொள்வார்.

பேசியதைப் பேசியபடியே எழுதுவதா, எழுத்து நடைக்கு மாற்றுவதா என்ற சண்டையும் உண்டு. நான் பேசியபடி எழுதும் கட்சி. "போயிருவோம்" என்று சொன்னவரைப் "போய்விடுவோம்" என்று சொல்லவைக்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் பிறவியிலேயே காது கேட்காமல் சைகை மொழியில் வளர்ந்தவர்களுக்கு எழுதிய தமிழே இரண்டாவது மொழி. பாடப்புத்தகத்தில் காணாத "போயிருவோம்" அவர்களுக்கு இன்னும் கடினம். அவர்களுக்குத் திரையோரத்தில் ஒரு சைகை மொழிபெயர்ப்பாளர்தான் சரியான பதில். அந்த இடத்தில் என் கட்சி கொஞ்சம் ஆட்டம் காணத்தான் செய்கிறது.

போன மாதம் பேத்தி தன் பிறந்தநாள் வீடியோவை மாமாவுக்கு அனுப்பினாள். காம்பராவுக்குள் எடுத்தது, ஆறு நிமிடம். இயந்திரத்தைக் கொண்டு ஒரு முதல் எழுத்து எடுத்து, பெயர்களையும் பிழைகளையும் திருத்தி, வரிகளை ஒழுங்குபடுத்தினேன். ஆறு நிமிடத்துக்கு ஒன்றரை மணிநேரம் பிடித்தது. இயந்திரம் விட்டுவிட்ட ஒன்றை மட்டும் முதல் வரியாக நானே சேர்த்தேன்: [தகரத்தில் அடைமழை].

மாமா அந்த வீடியோவை ஏற்கெனவே மூன்று நாலு தடவை பார்த்திருந்தார். எழுத்தோடு பார்த்தபோது அந்த முதல் வரியிலேயே நிறுத்திவிட்டார்.

"அன்னைக்கு மழையா பேஞ்சுச்சு?"

"ஆமா மாமா, பெரிய மழை. ஒருத்தர் பேசுறது ஒருத்தருக்குக் கேக்கல."

"நான் எல்லாரும் சண்டை போடுறாங்கன்னுல்ல நினைச்சுக்கிட்டு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு, மறுபடி முதலிலிருந்து போட்டார்.