கட்டுப் போடும் முன் ஒரு படம்

திருத்தணியிலிருந்து நகரி வழியாகத் திருப்பதி போகும் சாலையில், தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் ஊர்களில், எலும்பு முறிந்தவருக்கு முதலில் நினைவுக்கு வருவது புத்தூர்க் கட்டுதான். அந்த மரபோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் திண்ணையிலிருந்து இறங்கும்போது தடுக்கி விழுந்த பிள்ளைக்குத் தொடை எலும்பு முறிகிறதென்றால், அந்த எலும்பு அதற்கு முன்பே எப்படி இருந்தது, உள்ளே கட்டி ஏதும் அதை மெலிய வைத்திருந்ததா என்று யாராவது கேட்டாக வேண்டும். அதை மூங்கில் பத்தையும் சொல்லாது, நாங்கள் போடும் மாவுக்கட்டும் சொல்லாது.

விசைத்தறிக் குடும்பம் ஒன்றிலிருந்து ஒரு சிறுவனை அழைத்து வந்தார்கள். “முட்டி வலிங்க சார், ஆறு மாசமா தைலம் தேய்க்கிறோம்” என்றார் தகப்பனார். முழங்காலை இரண்டு முறை எக்ஸ்ரே படமெடுத்து, ஒன்றுமில்லை என்று வேறிடத்தில் சொல்லியிருந்தார்கள். இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் உணர்வு நரம்புகள் சில பொதுவானவை என்பதால், இடுப்பில் உள்ள நோய் முழங்காலில் வலியாகத் தெரிவதுண்டு. அவன் தொடையை உள்பக்கமாகத் திருப்பியதும் முகம் சுளித்தான். இடுப்புப் படத்தில், தொடை எலும்பின் கழுத்துக்குக் கீழே, முட்டை ஓடுபோல் மெலிந்த சுவருடன் ஒரு நீர்க்கட்டி இருந்தது.

கட்டி என்றதும் குடும்பமே புற்றுநோய் என்று அழத் தொடங்கிவிடுகிறது. பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் இடுப்பருகே வரும் எலும்புக் கட்டிகளில் பல தீங்கற்றவை; சிலவற்றைப் படமெடுத்துக் கவனித்து வந்தாலே போதும். ஆனால் நடக்கும்போது இடுப்பு மூட்டு உடல் எடையைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு சுமையைத் தாங்குகிறது. மேற்கையில் விட்டுவைக்கக்கூடிய நீர்க்கட்டியைத் தொடைக் கழுத்தருகே விட்டுவைக்கத் தயங்குவது அதனால்தான்.

அறுவையில் எலும்பில் ஒரு சாளரம் திறந்து, கட்டியைச் சுரண்டி, சுவரைச் சிறு துரப்பணத்தால் சீவி, குழியை எலும்பு ஒட்டாலோ சிமென்டாலோ நிரப்பி, தேவைப்பட்டால் தகடும் திருகும் வைக்கிறோம். சுரண்டுவதைவிடக் கடினமானது வழி தேர்வது. தொடைத் தலைக்கு, அதாவது தொடை எலும்பின் உருண்டையான மேல் முனைக்கு, உயிரூட்டும் முதன்மையான இரத்தக்குழாய் கழுத்தின் பின்புறமாக ஏறுகிறது. அது அறுந்தால் தலை செத்து, இளவயதிலேயே செயற்கை மூட்டு தேவைப்படலாம். அக்குழாயைக் காத்தபடியே தலையை இடுப்பெலும்புக் கிண்ணத்திலிருந்து வெளியே எடுக்கும் முறையை, சுவிட்சர்லாந்தின் ரெய்ன்ஹோல்ட் கான்ஸும் அவர் குழுவினரும் 2001இல் விளக்கிய பிறகு, தலைக்குள்ளேயே இருக்கும் கட்டிகளையும் நேராகப் பார்த்து அகற்ற முடிகிறது.

இரவில் குடைந்து, வலி மாத்திரை போட்டதும் அடங்கும் வலிக்கு ‘ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா’ என்னும் சிறிய, தீங்கற்ற எலும்புக் கட்டி காரணமாக இருக்கலாம். சி.டி. படத்தின் துணையுடன் ஊசி செலுத்தி, 90 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சில நிமிடங்கள் சுட்டாலே பெரும்பாலும் போதும்.

20 முதல் 40 வயதுக்குள் மிகுதியாக வரும் ராட்சத செல் கட்டி அவ்வளவு சாது அல்ல. பெயருக்குத் தீங்கற்றதாயினும் திரும்ப முளைக்கும். அரிதாக நுரையீரலுக்கும் போகும்.

கட்டி இருக்கலாம் என்று தோன்றும் எலும்பில், முறிவைக் கண்டவுடன் உள்ளே ராடு (எலும்பின் நடுக்குழியில் செலுத்தும் உலோகக் கம்பி) அடித்துவிடுவது பெரும்பிழை. கட்டி தீயதாக இருந்துவிட்டால், அந்த ராடே அதை எலும்பு முழுவதும் பரப்பிவிடும். சந்தேகமிருந்தால் எம்.ஆர்.ஐ., பிறகு பயாப்சி, அதாவது கட்டியிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது. அதையும் அறுவை செய்யப்போகும் மருத்துவரே இடம் குறித்துச் செய்வது நல்லது. சுரண்டியதை முழுவதுமாக ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

அந்தச் சிறுவன் இப்போது கோலில்லாமல் நடக்கிறான். ஒவ்வொரு முறையும் தகப்பனார் பழைய படங்களைத் துணிக்கடைப் பைக்குள் சுருட்டிக் கொண்டுவருகிறார். சுருட்டினாலும் பரவாயில்லை, தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். குழி நிரம்புகிறதா, மீண்டும் விரிகிறதா என்பது அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் எங்களுக்குத் தெரியும்.