ரெக்லூஸ் சிலந்தி கடித்தால் தோல் ஏன் அழுகுகிறது?

பல மாதங்களாக உடுத்தாமல் அலமாரியில் கிடந்த சட்டையை ஒருவர் எடுத்து மாட்டுகிறார். கைமடிப்புக்குள் ஒரு பழுப்புச் சிலந்தி பதுங்கியிருக்கிறது. துணிக்கும் தோலுக்கும் நடுவே அது நசுங்குகிறது, தப்பிக்க வழியில்லாமல் கடிக்கிறது. சுருக்கென்று ஓர் உணர்வு. பலருக்கு அதுவும் தெரிவதில்லை. அவர் சட்டையோடு வேலைக்குப் போய்விடுவார். வலி மெல்லத் தலைகாட்டச் சில மணி நேரம் ஆகும்.

இதுதான் ரெக்லூஸ் சிலந்தி. பெயருக்கு ‘ஒதுங்கி வாழ்வது’ என்று பொருள். பெயருக்கேற்ற கூச்ச சுபாவம் கொண்டது. லோக்சோசெலஸ் என்ற இந்தப் பேரினத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அமெரிக்காவின் தெற்கு, நடுமேற்கு மாநிலங்களில் பழுப்பு ரெக்லூஸ் வாழ்கிறது. பிரேசிலின் தென்பகுதியில் வேறு சில இனங்கள் உள்ளன. சிலியிலும் பெருவிலும் வாழும் லேட்டா என்ற இனத்தை மக்கள் ‘மூலைச் சிலந்தி’ என்று அழைக்கிறார்கள். முதுகில் வயலின் போன்ற கறை இருப்பதால் இதற்கு வயலின் சிலந்தி என்றும் பெயர். ஆனால் அந்தக் கறையை நம்பக் கூடாது. தீங்கில்லாத பல சிலந்திகளுக்கும் அதுபோன்ற அடையாளம் இருக்கும். கண்களைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான சிலந்திகளுக்கு எட்டுக் கண்கள். ரெக்லூஸுக்கு ஆறுதான், அவையும் இரண்டிரண்டாகச் சேர்ந்து, முன்னால் ஒரு ஜோடி, பக்கத்துக்கு ஒரு ஜோடி என்று நிற்கும். ஒரு கைக்கண்ணாடி இருந்தால் போதும், பார்த்துவிடலாம்.

இந்தச் சிலந்தி செலுத்தும் நஞ்சு ஒரு துளிகூட இருக்காது, சில மைக்ரோலிட்டர்தான். அதற்குள் பல புரதங்கள் இருந்தாலும் பெரும் சேதத்துக்குக் காரணம் ஸ்பிங்கோமைலினேஸ் டி என்ற ஒரே நொதி. நம் செல்களைச் சுற்றியுள்ள சவ்வில் ஸ்பிங்கோமைலின் என்ற கொழுப்பு இருக்கிறது. (அதன் வேதி உறவினருக்கு 19ஆம் நூற்றாண்டில் பெயர் வைத்த துடிகம் என்ற வேதியியலாளர், அதன் இயல்பு புரியாத புதிராக இருந்ததால் கிரேக்கப் புராணத்தில் விடுகதை போடும் ஸ்பிங்க்ஸை நினைத்துத்தான் அப்படிப் பெயரிட்டார்.) நொதி அந்தக் கொழுப்பின் தலைப்பகுதியான கோலினை வெட்டி எடுத்துவிடும். எஞ்சிய மூலக்கூறு உடலுக்கு அபாய மணியாகிவிடுகிறது.

எனக்கு மிகவும் வியப்பூட்டுவது அடுத்து நடப்பதுதான். மணியோசை கேட்டு நியூட்ரோஃபில் எனப்படும் வெள்ளணுக்கள் கூட்டமாக ஓடி வருகின்றன. கிருமி புகுந்துவிட்டது என்று எண்ணித் தங்கள் செரிமான நொதிகளை அங்கே கொட்டுகின்றன. அங்கே கிருமியே இல்லை. எரிவது நம் சொந்தத் திசு. கூடவே நுண்ணிய இரத்தக் குழாய்கள் உறைந்து அடைபடுவதால், அவற்றை நம்பியிருந்த தோல் பட்டினியில் சாகிறது. முயல்களின் உடலில் நியூட்ரோஃபில்களை முன்கூட்டியே குறைத்துவிட்டு நஞ்சைச் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். வழக்கமான அழுகல் வரவில்லை. புண்ணைத் தொடங்கி வைப்பது சிலந்தி; அதைப் பெரிதாக்குவது நம் உடல்.

இதே வகை நொதி ஆடுகளுக்குச் சீழ்க்கட்டி உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவிடமும் உண்டு. எட்டுக்கால் பூச்சிக்கும் பாக்டீரியாவுக்கும் ஒரே ஆயுதம் எப்படி வந்தது? என்றோ ஒரு காலத்தில் ஓர் உயிரினத்திடமிருந்து மற்றதற்கு அந்த மரபணு தாவியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

காயத்தைப் பார்த்தால் மூன்று நிறம் தெரியும். நடுவில் நீலம் கலந்த ஊதா, அதைச் சுற்றி இரத்தம் வராமல் வெளிறிய வளையம், வெளியே சிவப்பு. அந்தக் கறை பல நேரங்களில் வட்டமாக இல்லாமல் புவியீர்ப்பின் பக்கம் வழிந்தது போலக் கீழ்நோக்கி நீண்டிருக்கும். சில நாட்களில் நடுப்பகுதி கறுத்துக் காய்ந்து, பொருக்காகி உதிரும். ஆற வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள். தொடை, வயிறு போன்ற கொழுப்பு மிகுந்த இடங்களில் புண் பெரிதாகும். ஆனால் பெரும்பாலான கடிகள் இவ்வளவு தூரம் போவதில்லை. சிவந்து வீங்கி, தானாகவே ஆறிவிடும்.

அரிதாக நஞ்சு இரத்தத்தில் கலந்து சிவப்பணுக்களை உடைக்கும். சிறுநீர் கறுத்துப் போகும், கண் மஞ்சளாகும், சிறுநீரகம் செயலிழக்கலாம். இது குழந்தைகளிடம் அதிகம். கடித்த ஓரிரு நாளில் காய்ச்சலும் கறுத்த சிறுநீரும் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிகிச்சை எளிமையானது: கழுவி, குளிர் ஒத்தடம் கொடுத்து, அந்த உறுப்பை உயர்த்தி வைப்பது. சூடு கூடவே கூடாது, அது நொதியின் வேலையைக் கூட்டும். அவசரப்பட்டு வெட்டி எடுப்பதும் தவறு. அழுகலின் எல்லை தெளிவாகும்வரை பொறுத்திருக்க வேண்டும். பிரேசிலில் குதிரைகளிடமிருந்து தயாரிக்கும் நஞ்சுமுறி மருந்து புழக்கத்தில் உள்ளது. சீக்கிரம் கொடுத்தால்தான் பலன்.

2001இல் அமெரிக்காவின் கான்சஸில் ஒரு வீட்டில் ஆறு மாதத்தில் 2,055 பழுப்பு ரெக்லூஸ்கள் சேகரிக்கப்பட்டன. பல ஆண்டுகளாக அங்கு வாழ்ந்த குடும்பத்தில் அதுவரை ஒருவருக்கும் கடியின் அடையாளம் இல்லை. ஆனால் இந்தச் சிலந்தியே குடியிருக்காத கலிஃபோர்னியாவில் ‘ரெக்லூஸ் கடி’ என்று எத்தனையோ பேருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஸ்டாஃப் பாக்டீரியா உண்டாக்கும் சீழ்க்கட்டிகள்தான் பெரும்பாலும் இப்படி ஏமாற்றுகின்றன. வேறு நோய்களும் உண்டு. அதே 2001இல் நியூயார்க்கில் ஏழு மாதக் குழந்தை ஒன்றின் கையில் புண் வந்து, சிவப்பணுக்களும் உடையத் தொடங்கின. ரெக்லூஸ் கடி என்றே முதலில் கருதினார்கள். ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய நோயின் கிருமியை அஞ்சலில் அனுப்பி நடத்திய தாக்குதல் பற்றிய செய்தி வெளிவந்த பிறகு தோலைச் சோதித்தபோது, அது ஆந்த்ராக்ஸ் என்று தெரிந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டது.

அதனால்தான் கடித்த சிலந்தி கிடைத்தால், நசுங்கியிருந்தாலும், ஒரு சிறு குப்பியில் போட்டு மருத்துவரிடம் எடுத்துச் செல்லச் சொல்கிறார்கள். அந்த ஆறு கண்களை எண்ணிப் பார்க்க அது ஒன்றே வழி.